163 சான்றிதழ், ஒரு கடைசி பெஞ்ச்: சேலம் கல்லூரி ஒன்றில் ஆசிரியர் பயிற்சி பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

சேலம் நகரின் விளிம்பில் உள்ள ஒரு சுயநிதி கலை அறிவியல் கல்லூரியில் ஒரு கல்வியாண்டு முழுவதும், ஜூன் முதல் ஏப்ரல் வரை, நடந்தது இது. கல்லூரியின் பெயரும் ஆசிரியர்களின் பெயர்களும் தவிர்க்கப்பட்டுள்ளன. வணிகவியல், கணினி அறிவியல், கணிதம், ஆங்கிலம், தமிழ் என ஐந்து துறைகளில் 42 ஆசிரியர்கள். அம்மாபேட்டைத் தறிக்காரர் வீடுகள், சிவதாபுரம் பக்கத்துக் கொலுசுப் பட்டறைகள், ஓமலூர், வாழப்பாடி விவசாயக் குடும்பங்கள், சேர்வராயன் மலைக் கிராமங்கள் ஆகிய இடங்களிலிருந்து பிள்ளைகள் வருகிறார்கள். பெரும்பாலோர் பிளஸ் டூ வரை தமிழ்வழியில் படித்தவர்கள். கல்லூரியில் பாடநூல் ஆங்கிலத்தில், விளக்கம் தமிழில், தேர்வு இரண்டும் கலந்து.

உயர்நிலை, மேல்நிலைப் பள்ளி ஆசிரியருக்கு பி.எட். கட்டாயம். கல்லூரி ஆசிரியருக்கு அப்படி எதுவும் கிடையாது. முதுகலை முடித்து நெட், செட் தகுதித் தேர்வில் தேறியிருந்தாலோ முனைவர் பட்டம் வைத்திருந்தாலோ போதும். எப்படிக் கற்பிப்பது என்று ஒரு நாள்கூடப் படிக்காமலே வகுப்பில் நிற்கலாம். இந்தக் குறையை ஈடுகட்டத்தான் 1986 தேசியக் கல்விக் கொள்கைக்குப் பிறகு பல்கலைக்கழகங்களில் கல்விப் பணியாளர் கல்லூரிகள் தொடங்கப்பட்டன. அவை 2015இல் மனிதவள மேம்பாட்டு மையங்கள் ஆயின. 2023இல் மாளவியா மிஷன் ஆசிரியர் பயிற்சி மையங்கள் என்று பெயர் மாறின. சேலத்துக்குப் பக்கத்தில் கோவை பாரதியார் பல்கலைக்கழகத்தில் அப்படி ஒரு மையம் உண்டு. பல்கலைக்கழக மானியக் குழுவின் (யு.ஜி.சி.) 2018 நெறிமுறையின்படி உதவிப் பேராசிரியர் ஒருவர் முதல் நிலையிலிருந்து அடுத்த நிலைக்குப் போக 21 நாள் அறிமுகப் பயிற்சி ஒன்று வேண்டும். அதோடு குறைந்தது ஒரு வாரப் பயிற்சியோ, சான்றிதழுடன் முடித்த ஒரு மூக் (இணையவழித் திறந்த) படிப்போ வேண்டும்.

இந்தப் பதவி உயர்வுக் கணக்கு அரசு, அரசு உதவி பெறும் கல்லூரிகளில் சம்பளத்தைத் தொடும். சுயநிதிக் கல்லூரியில் அது பெரும்பாலும் கல்லூரிகளைத் தரமிடும் ‘நாக்’ அமைப்புக்கான கோப்பைத்தான் தொடும். 21 நாள் விடுப்பு கொடுத்து அனுப்ப நிர்வாகத்துக்கு மனம் வராது. சம்பளப் பிடித்தம் என்றால் ஆசிரியரும் போகமாட்டார். ஆகவே எல்லோரும் ஐந்து நாள், ஏழு நாள் இணையவழி எஃப்.டி.பி. (ஆசிரியர் மேம்பாட்டுப் பயிற்சி) பக்கம் போய்விடுகிறார்கள். இந்தக் கல்லூரியிலும் அதுதான் நடந்தது.

கோப்பில் இருந்தது

ஜூன் மாதம் ஐ.க்யூ.ஏ.சி. (கல்லூரியின் உள்தர உறுதிக் குழு) ஒருங்கிணைப்பாளர் ஆண்டறிக்கைக்காக முந்தைய ஆண்டின் சான்றிதழ்களை எண்ணினார். 42 பேருக்கு 163. துறைத்தலைவர் கூட்டத்தில் இதைப் பெருமையாகச் சொன்னபோது, கணிதத் துறைத்தலைவர் ஒரு கேள்வி கேட்டார்: இதில் ஏதாவது ஒன்றினால் வகுப்பில் மாறிய ஒரே ஒரு காரியத்தை ஒவ்வொருவரும் கொண்டுவந்து காட்ட முடியுமா? ஒரு பாடக்குறிப்பு, ஒரு வினாத்தாள், ஒரு பயிற்சித்தாள், எதுவானாலும் சரி.

பத்து நாள் அவகாசம் கொடுத்தார்கள். ஆறு பேர் கொண்டுவந்தார்கள்.

மற்றவர்கள் சோம்பேறிகள் என்று இதற்கு அர்த்தம் எடுத்துக்கொள்ளக் கூடாது. பயிற்சிகள் நடந்த விதம் அப்படி. மாலை கூட்டத்துக்கான இணைப்பு வரும். கைப்பேசியைத் திறந்து மேசையில் வைத்துவிட்டு விடைத்தாள் திருத்துவார்கள். முடியும் நேரத்தில் வருகைப்பதிவுக்கான கூகுள் படிவம் வரும். அதைத் தவறவிட்டால்தான் பதற்றம். கடைசி நாள் வினாடி வினாவில் 60 விழுக்காடு எடுக்க வேண்டும், எத்தனை முறை வேண்டுமானாலும் முயலலாம். அன்றிரவே சான்றிதழ் மின்னஞ்சலில் வந்துவிடும். பேசியவர் மோசமானவர் என்றும் சொல்ல முடியாது. ஆனால் 400 பேர் கேட்கும் ஒரு கூட்டத்தில், இந்தக் கல்லூரியின் முதலாண்டு வணிகவியல் வகுப்பில் என்ன சிக்கல் என்று யாருக்குத் தெரியும்?

ஆண்டுக்கொரு முறை ஏற்காட்டில் இரண்டு நாள் முகாம் தனியாக உண்டு. முந்தைய முகாமின் நிகழ்ச்சி நிரலை எடுத்து ஒருங்கிணைப்பாளர் கூட்டிப் பார்த்தார். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி, அறை பிரித்து, முதல் அமர்வு தொடங்கியதே 11.30க்கு. குழுப்படம், ஏரி, திரும்பும் பேருந்து எல்லாம் போக, இரண்டு நாளில் பயிற்சி என்று நடந்தது 5 மணி 40 நிமிடம்.

வகுப்பில் இருந்தது

அடுத்த படி, யாராவது வகுப்பில் போய் உட்கார்வது. முதலில் சம்மதித்தவர் 22 ஆண்டு அனுபவமுள்ள வணிகவியல் ஆசிரியர். பார்வையாளராகத் தமிழ்த் துறையின் இளம் ஆசிரியை ஒருவர். பாடம் முதலாண்டு நிதிக் கணக்கியலில் வங்கிச் சரிகட்டும் பட்டியல், அதாவது நம் ரொக்க ஏட்டு இருப்பும் வங்கி அறிக்கை இருப்பும் ஏன் வேறுபடுகின்றன என்று ஒப்பிடுவது. வகுப்பில் 58 பேர். ஆசிரியை கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, தாளை மூன்றாகப் பிரித்துக்கொண்டார்: நேரம், ஆசிரியர் செய்வது, மாணவர் செய்வது. கணக்கியல் தெரியாதவர் என்பதால் பாடத்தின் சரி தவறுக்குள் அவர் போகவில்லை. பிறகு அதுவே நல்லதாகப் போயிற்று.

பாடம் தெளிவாக இருந்தது. கரும்பலகை எழுத்து அச்சு மாதிரி. வகுப்பு முடிந்ததும் ஓய்வறையில் இருவரும் பேசியது சுருக்கமானது.

“சார், ஒன்னு கேட்டா தப்பா நெனைச்சுக்க மாட்டீங்களே?”

“கேளுங்க மேடம்.”

“‘புரிஞ்சுதா’ன்னு பதினேழு தடவை கேட்டிருக்கீங்க. ஒரு தடவையாவது யாராவது இல்லைன்னு சொன்னாங்களா சார்?”

“பதினேழா?” என்று தாளை வாங்கிப் பார்த்தார்.

ஒவ்வொரு ‘புரிஞ்சுதா’வுக்கும் அடுத்த வாக்கியத்துக்கும் நடுவே ஒரு விநாடிக்கு மேல் இடைவெளி இல்லை. ‘புரிஞ்சுது சார்’ என்ற பதில் முன்வரிசையின் நான்கு பேரிடமிருந்தே வந்தது. கல்வி ஆய்வில் இது பழைய செய்தி. மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களிலேயே, ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருக்கிறார்கள் என்றும், அதை மூன்று விநாடியாக்கினாலே பதில்கள் நீள்கின்றன, ‘தெரியாது’ குறைகிறது என்றும் காட்டியிருந்தார். 163 சான்றிதழ்களில் ஏதாவதொன்றில் இந்தச் செய்தி நிச்சயம் இருந்திருக்கும்.

அடுத்த வகுப்பின் கடைசி ஐந்து நிமிடத்தில் ஆசிரியர் கால் தாள் கொடுத்து ஒரு கேள்வி எழுதச் சொன்னார், பெயர் வேண்டாம் என்று சொல்லி. ரொக்க ஏட்டின்படி இருப்பு 12,000 ரூபாய். நாம் ஒருவருக்குக் கொடுத்த 3,000 ரூபாய் காசோலை இன்னும் வங்கிக்கு வரவில்லை. வங்கி அறிக்கையின்படி இருப்பு எவ்வளவு? நாம் எழுதிக் கழித்துவிட்டோம், வங்கி இன்னும் கழிக்கவில்லை, ஆகவே 15,000. அப்படி எழுதியவர்கள் 19 பேர். 9,000 என்று எழுதியவர்கள் 31. எட்டுத் தாள் வெறுமை.

பிளஸ் டூவில் வணிகவியல் பிரிவு எடுத்தவர்களிலும் பலர் தவறியிருந்தார்கள் என்பது பிறகு விசாரித்ததில் தெரிந்தது. ‘கூட்டு’, ‘கழி’ என்று வரிசையை மனப்பாடம் செய்திருந்தார்கள். கேள்வி வழக்கமான வடிவத்தில் வராததால் வரிசை உதவவில்லை. அறிவியல் பிரிவிலிருந்து வந்தவர்களுக்குக் காசோலை எந்தப் பக்கமாகப் பயணிக்கிறது என்பதே புதிது. வீட்டில் கொலுசுப் பட்டறைக் கணக்கு எழுதும் பையன் ஒருவன் மட்டும் சரியான விடையோடு காரணத்தையும் ஒரு வரியில் எழுதியிருந்தான்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

ஜூலை இரண்டாம் வாரம் முதல்வர், ஒருங்கிணைப்பாளர், ஐந்து துறைத்தலைவர்கள் உட்கார்ந்து எடுத்த முதல் முடிவு நேரம் பற்றியது. கல்லூரியில் கிழமைக்குப் பதில் ஆறு நாள் டே ஆர்டர் சுற்று, நாளுக்கு ஐந்து பீரியட், ஒரு சுற்றுக்கு முப்பது. ஆசிரியருக்கு 18 முதல் 20 பீரியட் வகுப்பு. மிச்சம் பத்துப் பன்னிரண்டு பீரியட் காகிதத்தில்தான் காலி. நான் முதல்வன் பதிவேற்றம், புதுமைப்பெண் சரிபார்ப்பு, ‘நாக்’ கோப்பு என்று எல்லாம் அதில்தான் நடக்கும். மாலையில் வைக்கலாமென்றால் 4.10க்குக் கல்லூரிப் பேருந்து கிளம்பிவிடும். ஆத்தூர், தருமபுரி பக்கம் போகிறவர்கள் அதை விட முடியாது. முன்பு இரண்டு முறை மாலைப் பயிற்சி வைத்து இரண்டும் பாதியில் கலைந்திருந்தன. ஆகவே மூன்றாம் டே ஆர்டர் ஐந்தாம் பீரியடை எல்லாத் துறைக்கும் பொதுவாகப் பயிற்சிக்கு ஒதுக்கினார்கள். அந்த நேரத்தில் மாணவர்களுக்கு நூலகமும் விளையாட்டும். இதைத் தவிர ஒவ்வொருவரும் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை இன்னொருவர் வகுப்பில் ஒரு பீரியட் உட்கார வேண்டும்.

யார் யாரோடு? இதற்குக் கணினி எதுவும் பயன்படவில்லை. ஏ3 தாளில் 42 பேரையும் எழுதி, ஒருவருக்கு வகுப்பு இருக்கும்போது மற்றவருக்கு ஓய்வு இருக்கும் இணைகளைப் பென்சிலால் கோடிட்டு எடுத்தார்கள். அரை நாள் வேலை. முதல் பருவத்தில் வேறு துறைக்காரரோடு, இரண்டாம் பருவத்தில் சொந்தத் துறைக்காரரோடு என்று வைத்தார்கள். சொந்தத் துறைக்காரர் வந்தால் முதலில் பாடப்பிழையைத்தான் தேடுவார். வேறு துறைக்காரருக்கு மாணவர் முகம்தான் தெரியும் என்பது காரணம்.

இரண்டாவது முடிவு, பார்வைத் தாள் யாருக்குச் சொந்தம் என்பது. பார்க்கப்பட்டவரிடமே தாள் போய்விட வேண்டும், நகல் எடுக்கக்கூடாது, ஐ.க்யூ.ஏ.சி.க்கு ‘இன்ன தேதி நடந்தது’ என்ற ஒரு வரி மட்டும். முதல்வர் இதை எழுதிக் கையெழுத்திட்டார்.

மூன்றாவது, ஏற்காடு முகாமை அந்த ஆண்டு நிறுத்துவது. அந்தப் பணம் நூல்களுக்கும் தேர்வுக் கட்டணத்துக்கும் திருப்பப்பட்டது. இதற்குத்தான் அதிக முணுமுணுப்பு எழுந்தது.

நான்காவது முடிவு யாரும் திட்டமிட்டதல்ல. பயிற்சியை யார் நடத்துவது என்று பேசும்போது, ஆங்கிலத் துறையில் ஒருவர் தமக்கு பி.எட். இருப்பதாகச் சொன்னார். பிறகு கேட்டதில் ஒன்பது பேருக்கு இருந்தது. ஆசிரியர் தேர்வு வாரியத் தேர்வை எண்ணிப் படித்து வைத்தவர்கள். கல்லூரியின் எந்தப் படிவத்திலும் அந்தத் தகவலுக்கு இடமில்லாததால் யாருக்கும் தெரியவில்லை. நுண்ணிலைக் கற்பித்தல், அதாவது ஒரே ஒரு கற்பிக்கும் திறனை எடுத்துச் சில நிமிடம் நடத்தி, குறை கேட்டுத் திருத்தி மறுபடி நடத்துவது, என்றால் என்னவென்று கையால் செய்து பழகியவர்கள் இவர்கள். வெளியிலிருந்து ஆளை அழைக்கும் யோசனை அதோடு போயிற்று.

முதல் ஆறு வாரத்தில் இடறியவை

நுண்ணிலைக் கற்பித்தல் சுழற்சிக்கு நம் நாட்டு ஆசிரியர் கல்வியில் ஒரு நேரக்கணக்கு உண்டு: கற்பித்தல் 6 நிமிடம், பின்னூட்டம் 6, மறுதிட்டம் 12, மறுகற்பித்தல் 6, மறுபின்னூட்டம் 6. மொத்தம் 36. ஐம்பது நிமிடப் பீரியடில் ஒருவர்தான் முடிக்க முடியும். ஆனால் முதல் வாரம் குழுவுக்கு மூன்று பேரை நிறுத்தினார்கள். கற்பித்தலும் பின்னூட்டமும் மட்டும் நடந்தன. மறுதிட்டமும் மறுகற்பித்தலும் விடுபட்டன. விளைவு, ஒவ்வொருவரும் சக ஆசிரியர் முன்னால் ஆறு நிமிடம் பாடம் நடத்தி, குறை கேட்டுக்கொண்டு, திருத்தும் வாய்ப்பே இல்லாமல் போய் உட்கார்ந்தார்கள். இரண்டாம் வாரம் வருகை பாதியானது. பிறகு ஆறு ஆறு பேர் கொண்ட ஏழு குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவில் ஒரு சுற்றுக்கு ஒருவர் என்று வைத்தார்கள். எடுத்துக்கொள்ளும் திறனும் ஒன்றே ஒன்று: கேள்வி கேட்பது, எடுத்துக்காட்டு சொல்வது, பாடத்தை முடிப்பது, இப்படி. ‘மொத்தத்தில் நன்றாக இருந்தது’ என்பதைப் பின்னூட்டத்தில் தடை செய்தார்கள்.

பார்வைத் தாளும் முதலில் சறுக்கியது. கடைசி பெஞ்சில் அந்த ஆசிரியை பயன்படுத்திய மூன்று பத்தித் தாளை விட்டுவிட்டு, யாரோ இணையத்திலிருந்து எடுத்த 40 கூற்றுப் பட்டியலைக் கொடுத்தார்கள். ஒவ்வொன்றுக்கும் ஐந்துக்கு எத்தனை என்று மதிப்பெண். திரும்பிவந்த தாள்களில் ஏறக்குறைய எல்லாமே நான்கு. சக ஊழியருக்கு மூன்று போட யாருக்கு மனம் வரும்? பட்டியலைக் கிழித்துவிட்டு மூன்று பத்திக்குத் திரும்பினார்கள். இரண்டு நிமிடத்துக்கு ஒரு வரி. கேள்விகளை எண்ணு, ஒவ்வொன்றுக்கும் பின் எத்தனை விநாடி என்று எழுது, யார் பதில் சொன்னார்கள் என்பதை பெஞ்ச் வரைபடத்தில் புள்ளி வை. தீர்ப்பு எழுதாதே. வகுப்பு முடிந்த அன்றே பதினைந்து நிமிடம் பேசு. அடுத்த நாளுக்குத் தள்ளினால் பேச்சு நடப்பதில்லை.

மூன்று விநாடி காத்திருப்பது சொல்ல எளிது, செய்தால் ஒரு யுகமாகத் தெரியும். முன்பெஞ்ச் உடனே கத்திவிடும், அல்லது ஆசிரியரே தாங்காமல் விடையைச் சொல்லிவிடுவார். பலருக்குக் கைகொடுத்தது இது: கேள்வியைக் கரும்பலகையில் எழுது, எல்லோரும் நோட்டில் விடை எழுதட்டும், பிறகு வருகை எண் சீட்டுக் குலுக்கி ஒருவரைக் கூப்பிடு. எழுதிவிட்டதால் கூப்பிடப்பட்டவர் திகைப்பதில்லை.

ஆகஸ்ட் கடைசியில் பெரிய இடறல் வந்தது. ஊதிய உயர்வுப் பட்டியல் தயாரிக்கும் நேரம். தாளாளர் அலுவலகத்திலிருந்து பார்வைத் தாள்களை அனுப்பச் சொல்லி வாய்மொழியாகக் கேட்டார்கள். ஒருங்கிணைப்பாளர், தாள்கள் தம்மிடம் இல்லை, அந்தந்த ஆசிரியரிடம் இருக்கின்றன என்று சொல்லி, முதல்வர் கையெழுத்திட்ட குறிப்பைக் காட்டினார். அதோடு கேள்வி நின்றது. ஆனால் கேட்டார்கள் என்ற செய்தி அன்று மதியத்துக்குள் எல்லா ஓய்வறைக்கும் போய்விட்டது. ஐந்து பேர் தங்கள் வகுப்புக்கு யாரும் வர வேண்டாம் என்றார்கள். மூவர் நவம்பரில் திரும்பினார்கள். இருவர் ஆண்டு முடியும்வரை திரும்பவில்லை. அவர்களை யாரும் வற்புறுத்தவும் இல்லை.

வினாத்தாளில் கிடைத்த விடை

முதல் அகத்தேர்வு முடிந்தபின், கணிதத் துறைத்தலைவர் குழு நேரத்தில் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினார். விடைத்தாள்களை மொத்த மதிப்பெண் வரிசையில் அடுக்கு. மேலிருந்து 27 விழுக்காடு, கீழிருந்து 27 விழுக்காடு எடு. 58 பேரில் இது 16, 16. ஒவ்வொரு ஒரு மதிப்பெண் கேள்விக்கும் மேல் குழுவில் எத்தனை பேர் சரி, கீழ்க் குழுவில் எத்தனை பேர் சரி என்று எண்ணு. வித்தியாசத்தைப் பதினாறால் வகுத்தால் பிரித்தறியும் குறியீடு. இரண்டையும் கூட்டி 32ஆல் வகுத்தால் எளிமைக் குறியீடு. முதல் எண் 0.2க்குக் கீழே போனால் கேள்வியைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

அந்த வணிகவியல் ஆசிரியர் தம் தாள்களோடு வந்திருந்தார். வங்கிச் சரிகட்டும் பட்டியலில், வழங்கி இன்னும் வங்கிக்கு வராத காசோலையைக் கூட்ட வேண்டுமா, கழிக்க வேண்டுமா என்று ஒரு கேள்வி. மேல் குழுவில் ஒன்பது பேர் சரி, கீழ்க் குழுவில் எட்டுப் பேர் சரி. எளிமை 0.53, பிரித்தறிதல் 0.06. நன்றாகப் படிப்பவனும் படிக்காதவனும் ஒரே மாதிரி காசு சுண்டிப் போட்டிருக்கிறார்கள்.

கேள்வியைத் திரும்பப் படித்தபோது காரணம் தெரிந்தது. எந்த இருப்பிலிருந்து தொடங்குவது என்று கேள்வியில் இல்லவே இல்லை. ரொக்க ஏட்டு இருப்பிலிருந்து தொடங்கினால் கூட்ட வேண்டும். வங்கி அறிக்கை இருப்பிலிருந்து தொடங்கினால் கழிக்க வேண்டும். விடைக்குறிப்பில் ‘கூட்டுக’ என்று மட்டும் இருந்தது. இத்தனை ஆண்டும் இதே கேள்வி வந்திருக்கிறது. வகுப்பில் எப்போதும் ரொக்க ஏட்டிலிருந்தே தொடங்குவதால் ஆசிரியருக்கு அது சொல்லத் தேவையில்லாத விஷயமாகிவிட்டது. கால் தாளில் 31 பேர் திசை மாறி எழுதியதற்கும் இதற்கும் உறவு உண்டு: திசையைச் சொல்லாமலே பாடமும் நடந்திருக்கிறது, தேர்வும் நடந்திருக்கிறது. அந்தக் கேள்விக்கு எல்லோருக்கும் ஒரு மதிப்பெண் கொடுத்து, மறு வகுப்பில் அதை அவரே சொன்னார்.

அதன் பிறகு அவர் அந்தப் பாடத்தை நடத்திய முறை மாறியது. ஹார்வர்டின் எரிக் மசூர் 1990களின் தொடக்கத்தில் இயற்பியலுக்கு உருவாக்கிய சகமாணவர் கற்பித்தல் முறையை எடுத்துக்கொண்டார். கைப்பேசி வகுப்பில் அனுமதி இல்லை. அதனால் ஆளுக்கொரு ஏ4 தாள். நான்காக மடித்து ஒவ்வொரு கால் பகுதியிலும் அ, ஆ, இ, ஈ என்று ஸ்கெட்ச் பேனாவால் பெரிதாக எழுதிக்கொள்வது. விடைக்குரிய பகுதி மட்டும் ஆசிரியர் பக்கம் தெரியும்படி மடித்து நெஞ்சோடு பிடிக்க வேண்டும். கை தூக்கச் சொன்னால் பின்பெஞ்ச் முன்பெஞ்சைப் பார்த்துத் தூக்கும், இதில் முடியாது. சரியான விடை 30 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் பாடத்தைத் திரும்ப நடத்து. 70க்கு மேல் போனால் சுருக்கமாக விளக்கி அடுத்ததற்குப் போ. நடுவில் இருந்தால் பக்கத்தில் இருப்பவரோடு மூன்று நிமிடம் வாதிடச் சொல்லி மறுபடி காட்டச் சொல்.

ரொக்க ஏட்டு இருப்பு 20,000. வங்கியில் போட்ட 4,000 ரூபாய் காசோலை இன்னும் வசூலாகவில்லை. வங்கி அறிக்கை இருப்பு? விடை 16,000. முதல் முறை 25 பேர் சரி. மூன்று நிமிட இரைச்சலுக்குப் பின் 43 பேர். பக்கத்து வகுப்பிலிருந்து சத்தம் பற்றிப் புகார் வந்ததையும் பதிவு செய்ய வேண்டும். அந்தப் புகார் கொடுத்தவர் பிறகு அதே மடித்த தாளைத் தம் ஆங்கில இலக்கண வகுப்புக்கு எடுத்துக்கொண்டார்.

இணையப் படிப்பைச் சுருக்கியது

இணையவழிப் பயிற்சியை அடியோடு விடவில்லை. ஐந்து நாள் சான்றிதழ்களுக்குப் பதில், விருப்பமுள்ளவர்கள் பருவத்துக்கு ஒரு எட்டு வார என்.பி.டி.இ.எல். (ஐ.ஐ.டி.கள் நடத்தும் இணையவழி) படிப்பு எடுக்கலாம் என்று வைத்தார்கள். இதில் ஏமாற்ற வழி குறைவு. வாராந்தரப் பயிற்சிகளுக்கு 25 மதிப்பெண் (எட்டில் சிறந்த ஆறு கணக்கில் வரும்), நேரில் போய் எழுதும் தேர்வுக்கு 75. சான்றிதழுக்குப் பயிற்சியில் 25க்கு 10, தேர்வில் 75க்கு 30 ஆவது வேண்டும். படிப்பு இலவசம், தேர்வுக் கட்டணம் 1,000 ரூபாய். தேறினால் கல்லூரி திருப்பித்தரும்.

பதினொரு பேர் சேர்ந்தார்கள். ஏழு பேர் தேர்வெழுதினார்கள், ஐந்து பேர் தேறினார்கள். நின்றுபோன நால்வரும் சொன்ன காரணம் ஒன்றுதான்: வாராந்தரப் பயிற்சிக்குக் கெடு தேதி தவறினால் திரும்பக் கிடையாது, அகத்தேர்வு வாரத்தில் இரண்டு கெடு அடுத்தடுத்துத் தவறிவிட்டது. இரண்டாம் பருவத்தில் குழு நேரத்தின் கடைசிப் பத்து நிமிடத்தை ஒன்றாக உட்கார்ந்து பயிற்சி போடுவதற்கு விட்டார்கள். அதன்பின் விடுபடல் குறைந்தது.

விளைவு

ஏப்ரலில் கணக்கெடுத்தபோது 29 பேர் இரண்டு பருவத்திலும் பார்வையைத் தொடர்ந்திருந்தார்கள். மற்றவர்களில் சிலர் ஒரு பருவத்தோடு நிறுத்தினார்கள். நான்கு பேர் இடையிலேயே வேறு கல்லூரிக்குப் போய்விட்டார்கள். சுயநிதிக் கல்லூரியில் பயிற்சிக்கு இது ஒரு நிரந்தர ஓட்டை: ஓராண்டு பழக்கிய ஆள் மே மாதம் இருப்பார் என்பதற்கு உறுதி இல்லை.

அந்த ஆண்டின் சான்றிதழ் எண்ணிக்கை 163லிருந்து 58 ஆனது. ஆண்டறிக்கையில் அந்த எண் சிறியதாகத் தெரியுமே என்ற கவலை நிர்வாகத்துக்கு இருந்தது, இன்னும் இருக்கிறது. ‘நாக்’ அமைப்பின் ஆசிரியர் மேம்பாட்டு அளவுகோல் எத்தனை பேர் பயிற்சி பெற்றார்கள் என்று கேட்கிறதே தவிர ஒருவர் எத்தனை வாங்கினார் என்று கேட்கவில்லை என்பதை ஒருங்கிணைப்பாளர் விளக்கிய பிறகு பேச்சு அடங்கியது.

பல்கலைக்கழகத் தேர்வில் நிதிக் கணக்கியல் தேர்ச்சி முந்தைய ஆண்டைவிடக் கூடியது. இதை இந்த முயற்சியின் கணக்கில் எழுதக்கூடாது என்பதே குழுவின் முடிவு. வேறு மாணவர்கள், வேறு வினாத்தாள். சொல்லக்கூடியது சின்னது: இரண்டாம் அகத்தேர்வில் வங்கிச் சரிகட்டும் பட்டியலில் இரு திசையிலும் கேள்வி வந்தது, தொடங்கும் இருப்பு தெளிவாக எழுதப்பட்டிருந்தது, 58இல் 41 பேர் இரண்டையும் சரியாகச் செய்தார்கள். பார்வைத் தாளில் அதே ஆசிரியரின் ‘புரிஞ்சுதா’ பிப்ரவரியில் மூன்று.

மறுமுறை மாற்ற வேண்டியவை

இளையவர் மூத்தவர் வகுப்பில் உட்கார்ந்து தொடங்கியது இங்கே அந்த மூத்தவரின் குணத்தால் தப்பித்தது. இன்னொரு கல்லூரியில் அது அந்த ஆசிரியைக்குச் சங்கடமாக முடிந்திருக்கும். முதல் இரண்டு சுற்றும் துறைத்தலைவர்களின் வகுப்பைத்தான் திறந்துவிட வேண்டும், முதல்வர் பாடம் எடுப்பவரென்றால் அவர் வகுப்பையும்.

பார்வைத் தாளின் உரிமை பற்றிய குறிப்பில் தாளாளரின் கையெழுத்தும் ஜூன் மாதமே வாங்கப்பட வேண்டும். முதல்வர் கையெழுத்து போதும் என்று நினைத்தது பிழை.

ஜூன், ஜூலை தொடங்குவதற்குத் தோதான மாதங்கள் அல்ல. சேர்க்கை வேலையில் ஆசிரியர்கள் பாதி நாள் வெளியில் இருப்பார்கள். பொதுப் பீரியடில் தொடக்க வாரங்களில் மூன்று முறை ஆல்டரேஷன் வகுப்பு (வராத ஆசிரியருக்குப் பதிலாக எடுப்பது) விழுந்தது. ஒருமுறை விட்டுக்கொடுத்தால் அந்த நேரம் எல்லோருக்கும் காலி நேரமாகிவிடுகிறது. அடுத்த ஆண்டு ஆகஸ்ட் முதல் சுற்றில் தொடக்கம். அந்தப் பீரியடுக்கு ஆல்டரேஷன் போட முதல்வரின் எழுத்து அனுமதி வேண்டும்.

பணியில் சேரும்போது நிரப்பும் படிவத்தில் பி.எட்., வேறு பயிற்சிகள், முன்பு செய்த தொழில் ஆகியவற்றுக்கு மூன்று வரி சேர்க்கப்பட்டுவிட்டது.

ஏற்காடு முகாமை முழுதாக நிறுத்தியது தேவையற்ற கண்டிப்பு. வருடம் முழுக்க ஒரே கட்டடத்தில் இருந்தும் பேசிக்கொள்ளாத இரண்டு துறைக்காரர்கள் மலை ஏறும் பேருந்தில்தான் முதல்முறை பேசியிருக்கிறார்கள் என்பது பின்னர் பலர் சொல்லித் தெரிந்தது. அடுத்த டிசம்பரில் ஒரு நாள் மட்டும் திரும்ப வைக்கிறார்கள். காலை ஏழு மணிக்குக் கிளம்புவது, வெளிப்பேச்சாளர் கிடையாது. குழுவுக்கு ஒரு ஆறு நிமிடக் காணொளி, கைப்பேசியைக் கடைசி பெஞ்சில் வைத்து ஆசிரியரை மட்டும் படம்பிடித்தது. பார்த்து முடித்ததும் அதை அழித்துவிட்டுத்தான் மதியச் சாப்பாடு.